மே மாதத்துக்குப் பணம் யார் தருவது?

நேயர்களுக்கு வணக்கம். வக்கீல் பேச வந்தால் பிரிவு, உட்பிரிவு என்று அடுக்குவார் என நினைத்து ரேடியோவை அணைத்துவிடாதீர்கள். நான் பேச வந்தது பணத்தைப் பற்றி, அதுவும் சின்னப் பணம். சட்டக் கல்லூரி மாணவர்கள் கோடை விடுமுறையில் ஏழைகளின் வழக்குகளுக்காக அலைகிறார்களே, அவர்களுடைய பஸ் காசும் சாப்பாட்டுச் செலவும்தான்.

சட்டம் படிக்கிறவர்கள் பயிற்சிக்குப் போயே ஆக வேண்டும். சட்டப் படிப்புக்கும் வக்கீல் தொழிலுக்கும் விதி போடுகிற இந்திய பார் கவுன்சிலின் 2008 விதிகளின்படி மூன்று வருடப் படிப்புக்கு 12 வாரம், ஐந்து வருடப் படிப்புக்கு 20 வாரம். வக்கீலிடம் போகலாம், கம்பெனிக்குப் போகலாம், தொண்டு நிறுவனத்துக்கும் போகலாம். போகச் சொன்னார்கள் சரி, அந்த நாட்களில் எதை வைத்துச் சாப்பிடுவது?

மே மாதம் கல்யாண சீசன். பந்தி பரிமாறப் போனால் கூலியும் கிடைக்கும், ஒரு வேளைச் சாப்பாடும் முடிந்துவிடும். ஜவுளிக்கடையில் நின்றால் மாதச் சம்பளம். அடுத்த வருட ஹாஸ்டல் கட்டணமே பல பேருக்கு அதிலிருந்துதான். அப்படிப்பட்ட பிள்ளையிடம் சம்பளம் கிடையாது, சேவை செய்ய வா என்றால் எப்படி வரும்? வருவதெல்லாம் வசதியான வீட்டுப் பிள்ளைகள்தான். அவர்களைக் குறை சொல்லவில்லை, நன்றாகவே உழைக்கிறார்கள். ஆனால் அந்தந்த ஊர்ப் பிள்ளைகளால்தான் முடிகிற சில வேலைகள் இருக்கின்றன.

கைதிகளுக்கு உதவ எங்களோடு ஜெயிலுக்கு வந்த ஒரு மாணவியைப் பற்றிச் சொல்கிறேன். அங்கே ஒரு கைதி. சின்னத் திருட்டு வழக்கு, ஜாமீன் கிடைத்துவிட்டது, ஆனாலும் ஆள் உள்ளேயே இருக்கிறார். இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும், வர ஆள் இல்லை. மனைவியின் போன் நம்பர் மாறிவிட்டது, ஊருக்கு எழுதிய கடிதத்துக்குப் பதிலும் இல்லை. இந்தப் பெண் உட்கார்ந்து, "அண்ணே, உங்க ஊருக்கு எந்த பஸ் வரும்? இறங்குற இடத்துல டீக்கடை யாருது?" என்று கேட்டாள். அவள் பக்கத்து ஊர்க்காரி. டீக்கடைக்காரர் மூலமாக அந்த ஆளின் மச்சானைப் பிடித்துவிட்டாள். விசாரித்தால், அவர் ஏற்கெனவே கோர்ட்டுக்கு வந்திருக்கிறார்! கையில் இருந்தது பழைய வீட்டு வரி ரசீது என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், பயந்துபோய் அதற்கப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. இவள் புது ரசீது, ஆதார், போட்டோ எல்லாம் எடுத்து வரச் சொல்லி, கூடவே நின்று கையெழுத்துப் போட வைத்தாள். ஆள் வெளியே வந்துவிட்டார்.

பஸ், ஜெராக்ஸ், மச்சானுக்கு ஒரு சாப்பாடு, எல்லாம் அவள் கைக்காசு. கேட்டால் "பரவாயில்லை சார்" என்றாள். மறு வருடம் கூப்பிட்டபோது ஜவுளிக்கடையில் சேர்ந்திருந்தாள். அந்த ஊர் டீக்கடை தெரிந்த பிள்ளை துணி மடிக்கப் போய்விட்டது. இதைத்தான் நான் எல்லா மேடையிலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்.

நம் நாட்டு ஜெயில்களில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் இன்னும் தண்டிக்கப்படாத விசாரணைக் கைதிகள். ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஆள் வெளியே வராவிட்டால் ஜெயில் கண்காணிப்பாளர், ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி செய்கிற மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும், அவர் உதவிக்கு ஆள் அனுப்பலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. அந்த ஆணைக்குழுவிலேயே சட்டம் சார்ந்த தன்னார்வலர்கள் என்று ஒரு ஏற்பாடே உண்டு. வேலை பார்க்கிற நாளுக்கு மதிப்பூதியம் உண்டு, சட்ட மாணவர்களும் சேரலாம். ஆக, வழி ஏற்கெனவே இருக்கிறது. விருப்பமுள்ள மாணவர்களுக்கு மே மாதம் முழுக்க வேலை ஒதுக்குங்கள் என்பதுதான் ஆணைக்குழுவுக்கு என் கோரிக்கை. சிவில் கோர்ட்டுக்குத்தான் மே மாதம் லீவு, ஜெயிலுக்கு ஏது லீவு?

அமெரிக்காவில் பல சட்டக் கல்லூரிகளில் மாணவர்களே வருடா வருடம் ஏலம் நடத்துகிறார்கள். பேராசிரியரோடு விருந்து சாப்பிடுவதுகூட ஏலத்துக்கு வரும். அந்தப் பணம் கோடையில் பொதுநல வேலைக்குப் போகிற சக மாணவர்களுக்கு. நம் ஊரில் பேராசிரியரோடு சாப்பிட ஏலம் விட்டால் யார் கேட்பார்கள் என்று தெரியவில்லை, அது போகட்டும். கம்பெனிகளில் கைநிறையச் சம்பாதிக்கிற பழைய மாணவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போடலாமே. இளம் வக்கீல்களுக்கு மாதம் 15,000 முதல் 20,000 ரூபாய் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றமே 2024-இல் சொன்னது. அதில் மாணவர்கள் வரமாட்டார்கள், அவர்களுக்குப் பாதிகூட வேண்டாம்...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். வக்கீல் சங்கங்கள் என்ன செய்யலாம் என்று குறித்துக்கொண்டு வந்தேன், நேரமில்லை. கேட்டுக்கொண்டிருக்கிற மாணவர்களுக்கு ஒன்று: மே வரை காத்திருக்காதீர்கள், கல்லூரிக் கடிதத்தோடு மார்ச்சிலேயே உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள், மதிப்பூதியம் உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். வணக்கம்.