தூணா, தடையா?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் இருக்கும் அக்கா, அண்ணன்மாரே, வேலை முடிந்த கையோடு இந்த டர்பன் சாட்ஸ்வொர்த் மண்டபத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

"உலக நீதிக்கு அமெரிக்கா தூணா, தடையா?" என்பது தலைப்பு. தடை என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அக்கா நூரம்பர்க்கில் தொடங்கினார். 1945இல் நாஜித் தலைவர்களைக் கூண்டில் ஏற்றி விசாரிக்க வைத்ததில் அமெரிக்காவுக்குப் பெரும் பங்கு உண்டு என்றார். ருவாண்டா, யூகோஸ்லாவியா தீர்ப்பாயங்களுக்கு அது பணம் கொடுத்ததைச் சொன்னார். 2013இல் காங்கோ கிளர்ச்சித் தலைவன் போஸ்கோ என்டகாண்டா, கிகாலியில் இருந்த அமெரிக்கத் தூதரகத்துக்குள் போய்ச் சரணடைந்து, அங்கிருந்துதான் நெதர்லாந்தின் ஹேக் நகரில் இருக்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போனான் என்றார். எல்லாம் உண்மை, அக்கா. எதையும் மறுக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன்: நீங்கள் அடுக்கிய கூண்டுகளில் ஒரு அமெரிக்கராவது நின்றாரா?

கோயில் கமிட்டி பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. கமிட்டியில் ஒருவர் இருப்பார்; தணிக்கைக்கு ஆள் வை என்று முதலில் குரல் கொடுப்பவர் அவர்தான். தணிக்கைக்காரருக்கு நாற்காலி வாங்கிப் போடுபவரும் அவரே. அவர் பொறுப்பில் இருக்கிற உண்டியலைத் திறக்கச் சொன்னால் மட்டும் சாவி தொலைந்துபோகும். எந்தக் கோயில் என்று கேட்காதீர்கள், அடுத்த மாதம் அங்கே எனக்கு ஒரு கல்யாணம் இருக்கிறது.

1998 ஜூலையில் ரோமில் அந்தச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கான சட்டம் ஓட்டெடுப்புக்கு வந்தது. ஆதரவு 120, எதிர்ப்பு 7. அந்த ஏழில் அமெரிக்கா ஒன்று. கிளிண்டன் 2000 டிசம்பர் 31 அன்று, கடைசி நாளில், கையெழுத்துப் போட்டார். புஷ் வந்ததும் 2002 மே மாதம், அந்தக் கையெழுத்து எங்களைக் கட்டுப்படுத்தாது என்று ஐ.நா.வுக்குக் கடிதம் போனது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு சட்டம்: ஹேக்கில் அமெரிக்கர் யாரையாவது பிடித்து வைத்தால், மீட்க 'தேவையான எல்லா வழிகளையும்' ஜனாதிபதி கையாளலாம். இதற்கு 'ஹேக் படையெடுப்புச் சட்டம்' என்றே பட்டப்பெயர் வந்துவிட்டது.

எங்கள் ஆட்களை ஹேக்குக்கு அனுப்ப மாட்டோம் என்று எழுதிக் கொடு என ஒவ்வொரு நாட்டையும் கேட்டார்கள். நம் தென்னாப்பிரிக்கா மறுத்தது. 2003இல் ராணுவ உதவியை நிறுத்தினார்கள்.

நாங்கள் உறுப்பு நாடே இல்லை, எங்கள் வீரனை எப்படி விசாரிக்கலாம் என்பது அவர்கள் வாதம். நம் முன்னோர் கப்பலேறிய இந்தியாவும் உறுப்பு நாடு இல்லை, அதையும் நானே சொல்லிவிடுகிறேன். சரி, இந்த வாதத்தை எடுத்துக்கொள்வோம். ரஷ்யா உறுப்பு நாடா? இல்லை. 2023 மார்ச்சில் புதினுக்குப் பிடியாணை வந்தபோது அது நியாயமானது என்றார் பைடன். 2024 நவம்பரில், அதே போல உறுப்பு நாடு அல்லாத இஸ்ரேலின் பிரதமர் நெதன்யாகுவுக்குப் பிடியாணை வந்தது. அதே பைடன் அக்கிரமம் என்றார். குற்றம் நடந்த மண் உறுப்பு நாட்டுடையதா, அதிகார வரம்பை ஏற்ற நாட்டுடையதா என்று பார்ப்பதுதான் இரண்டு வழக்கிலும் கணக்கு. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்! தன் வீரனைத் தானே நேர்மையாக விசாரிக்கும் நாட்டில் ஹேக் தலையிடாது என்று ரோம் சட்டத்திலேயே இருக்கிறது. அப்புறம் என்ன பயம்?

எதிரணி அண்ணன் அடுத்து அல்-பஷீரைக் கொண்டு வருவார். நானே கொண்டு வருகிறேன். 2015 ஜூனில் சூடான் அதிபர் ஜோகன்னஸ்பர்க்கில் இருந்தார். அவர் மேல் ஹேக்கின் பிடியாணை இருந்தது. அவரை நாட்டை விட்டுப் போக விடாதே என்று பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. நீதிமன்றத்தில் வாதம் நடந்துகொண்டிருக்கும்போதே வாட்டர்க்ளூஃப் விமானத் தளத்திலிருந்து விமானம் கிளம்பிவிட்டது. வெட்கக்கேடு. ஆனால் அதை வெட்கக்கேடு என்று சொன்னது நம் நீதிமன்றங்கள். அரசாங்கம் செய்தது சட்ட விரோதம் என்று 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. ரோம் சட்டத்தை விட்டு விலகுகிறோம் என்று அரசு அனுப்பிய அறிவிப்பையும், நாடாளுமன்றத்தைக் கேட்காமல் அனுப்பியது என்று 2017இல் நீதிபதிகள் செல்லாதாக்கினார்கள். தவறு செய்த அரசாங்கம் நீதிபதிக்குப் பணிந்தது.

அமெரிக்காவில்? ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படையினர் செய்ததையும் சேர்த்து விசாரிக்கலாம் என்று ஹேக் 2020 மார்ச்சில் அனுமதித்தது. செப்டம்பரில் வழக்குத் தொடுநர் ஃபாட்டூ பென்சூடா மேலேயே பொருளாதாரத் தடை! 2025இல் அவருக்குப் பின் வந்த கரீம் கான் மேல். அதே ஆண்டு நீதிபதிகள் மேலும். சொத்து முடக்கம், நுழையத் தடை.

இந்த 'தடை' என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் வேறு நினைவு உண்டு. 1986இல் ரீகனின் வீட்டோவையும் மீறி அமெரிக்க நாடாளுமன்றம் நிறவெறி அரசின் மேல் தடை போட்டது. அதற்காக இன்றும் நன்றி சொல்கிறேன். அந்த ஆயுதத்தை இப்போது நீதிபதியின் பக்கம் திருப்புகிறார்கள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

நம் கிளேர்வுட்டில் பஸ் ஓட்டியவரின் மகள் நவி பிள்ளை. நிறவெறிக் காலத்தில் இந்த டர்பனிலேயே நீதிபதியின் அறைக்குள் கால் வைக்க முடியாத வழக்கறிஞர். ருவாண்டா தீர்ப்பாயத்தில் அவர் இருந்த அமர்வுதான் 1998இல், பாலியல் வன்கொடுமையும் இனப்படுகொலையின் கருவியாகலாம் என்று முதன்முதலில் தீர்ப்பெழுதியது. பிறகு 2003 முதல் 2008 வரை ஹேக்கில் நீதிபதி. அந்த ஆப்கானிஸ்தான் கோப்பு அவர் மேசைக்கு வந்திருந்தால்? நம் பெண் ஒருத்தியின் கணக்கை முடக்கியிருப்பார்கள். அப்போதும் இந்த மண்டபத்தில் தூண் என்று பேச ஆள் கிடைத்திருப்பார்களா?

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் ஐயா, தீர்ப்பை உங்கள் இஷ்டப்படி சொல்லுங்கள். எனக்கு எதிராக வந்தாலும் உங்கள் வங்கிக் கணக்கை முடக்க மாட்டேன்.