கழியைப் பிடித்த கை

நேயர்களுக்கு வணக்கம். நெருக்கடி நேரத்தில் நிதானம் தவறாமல் இருப்பது பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் மன்னார்குடிப் பக்கத்து விவசாயி. பார்த்ததைச் சொல்கிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. ஐப்பசி அடைமழை. பாமணியாற்றிலிருந்து பிரியும் எங்கள் வாய்க்காலின் கரை நடுராத்திரியில் உடைத்துக்கொண்டது. கீழே முழுக்க இளம் சம்பா நடவு. ஊரே மண்வெட்டியோடு ஓடியது. ஆளாளுக்குக் கத்திக்கொண்டு உடைப்பின் நடுவில் மணல் மூட்டைகளைப் போட்டார்கள். போட்டதையெல்லாம் தண்ணீர் உருட்டிக்கொண்டு போனது.

பெரியப்பா வந்தார். பேசவில்லை. அரிக்கேன் விளக்கைத் தாழ்த்தி, உடைந்த கரையின் இரண்டு முனைகளையும் பார்த்தார். மூங்கில் கழியை விட்டு ஆழம் பார்த்தார். அப்புறம் மெதுவாக, "ஒருத்தன் சைக்கிள்ல தலைமடைக்குப் போய் லஸ்கரை எழுப்பி ஷட்டரை இறக்கச் சொல்லு. மத்தவங்க நடுவுல போடாதீங்கப்பா. முதல்ல ரெண்டு முனையையும் கட்டுங்க, இதுக்கு மேல அகலக் கூடாது" என்றார். லஸ்கர் என்றால் தலைமடை ஷட்டரை ஏற்றி இறக்கும் பாசன ஊழியர். முளை அடித்து, தென்னங்கீற்றும் வைக்கோலும் திணித்து முனைகளை இறுக்கினார்கள். ஷட்டர் இறங்கித் தண்ணீரின் வேகம் தணிந்த பிறகுதான் நடுவில் மூட்டை நின்றது. விடியும்போது உடைப்பு அடைபட்டிருந்தது.

அவருக்குப் பயமே கிடையாது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பெரியவனானதும் கேட்டேன். "கை நடுங்குச்சுடா. அதான் கழியைப் பிடிச்சுக்கிட்டேன்" என்றார்.

பயப்படாதே என்று சொல்லி யாருக்கும் பயம் போனதாக நான் பார்த்ததில்லை. கைக்கு ஒரு வேலை கொடுத்தால் போகிறது. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டினாலும் நெஞ்சுப் படபடப்பு தணிகிறது. இதை மருத்துவர்களும் சொல்கிறார்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தபோது எங்கள் வீட்டு ஓடுகள் ஒவ்வொன்றாகப் பறந்தன. பிள்ளைகள் அலற, நானும் அவர்கள்மேல் கத்திவிட்டேன். அந்தக் குரல் எனக்கே பிடிக்கவில்லை. கதவுத் தாழ்ப்பாளை இறுகப் பிடித்துக்கொண்டு நாலு முறை மூச்சை நிதானமாக விட்டேன். சரி, அடுத்தது என்ன? பெரிய மகளிடம் ரேஷன் கார்டையும் பட்டாவையும் பிளாஸ்டிக் பையில் கட்டச் சொன்னேன். சின்னவனிடம் டார்ச் லைட்டைக் கொடுத்தேன். அழுகை நின்றது. அவன் வாசலில் நின்று வெளிச்சம் காட்ட, கொட்டகைக்குப் போய் மாடுகளை அவிழ்த்துவிட்டேன்.

காலையில் கொல்லையில் பதினொரு தென்னையில் இரண்டுதான் நின்றன. கொட்டகை தரைமட்டம். மாடுகள் இரண்டும் பெருமாள் கோயில் மண்டபத்தில் நனைந்தபடி அசைபோட்டுக்கொண்டிருந்தன.

வணக்கம்.