ஒரே ஒரு புள்ளி உயிர்

நேயர்களுக்கு வணக்கம்.

எனக்குப் பிடித்த போக்கிமான்களைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் சிலர் இந்த விளையாட்டோடு சேர்ந்தே வளர்ந்திருப்பீர்கள். சிலருக்குப் பிக்காச்சு என்கிற அந்த மஞ்சள் முகம் மட்டும்தான் பழக்கம். அவர்களுக்காக விளையாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊர் ஊராக நடக்கிறீர்கள். உயரமான புல்லுக்குள்ளும் குகைக்குள்ளும் தண்ணீருக்குள்ளும் விநோதமான உயிரினங்கள் வாழ்கின்றன. அவைதான் போக்கிமான்கள். அவற்றைப் பிடிக்கிறீர்கள், வளர்க்கிறீர்கள், மற்றவர்கள் வளர்த்தவற்றோடு மோதவிடுகிறீர்கள். அவ்வளவுதான். 1996 பிப்ரவரியில், ஜப்பானில், கேம் பாய் என்ற கையடக்கக் கருவிக்காக முதல் விளையாட்டு வந்தபோது 151 உயிரினங்கள் இருந்தன. இன்று ஆயிரத்தைத் தாண்டிவிட்டன.

ஆயிரத்தில் எது பிடிக்கும் என்று கேட்டால், நெருப்புக் கக்கும் சாரிஸார்டைச் சொல்கிறவர்கள் அதிகம். நிலத்தையும் கடலையும் ஆளும் பெரிய உருவங்களைச் சொல்கிறவர்களும் உண்டு. அவை அழகுதான். ஆனால் என் மனது போவது வேறு பக்கம். ஓர் உயிரினத்தின் உருவம், அது வாழும் விதம், விளையாட்டில் அதற்கென்று வைத்திருக்கிற விதி, இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்க வேண்டும். இது எப்படிப்பட்ட உயிர் என்று யாரும் விளக்கிச் சொல்ல வேண்டாம். விளையாடும்போது கைக்கே தெரிய வேண்டும். அப்படி அமைந்தவைதான் எனக்குச் செல்லம்.

இந்தப் பொருத்தம் எங்கிருந்து வந்தது என்றால், ஒரு பூச்சி பிடிக்கும் பையனிடமிருந்து. போக்கிமானை உருவாக்கிய சதோஷி தஜிரி, தோக்கியோவின் புறநகரான மச்சிதாவில் வளர்ந்தவர். சின்ன வயதில் அவருக்குப் பூச்சி என்றால் உயிர். மற்ற பிள்ளைகள் மரப்பட்டையில் தேனைத் தடவி வைத்து வண்டு பிடிப்பார்கள். இவர் மரத்தடியில் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போய்விடுவாராம். வண்டுகள் பகலில் கல்லுக்கு அடியில் தூங்கும் என்று கவனித்து வைத்திருந்தார். காலையில் வந்து கல்லைத் தூக்கினால் வண்டு இருக்கும். இதை அவரே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். வண்டின் பழக்கம் தெரிந்தவனுக்கு வண்டு கிடைக்கும். இந்த விளையாட்டே அந்த ஒரு வரிதான். பிறகு இரண்டு கேம் பாய்களை ஒரு கம்பியால் இணைப்பதைப் பார்த்தபோது, அந்தக் கம்பி வழியாகப் பூச்சிகள் ஊர்ந்து போவதுபோல் அவருக்குத் தோன்றியதாம். போக்கிமான்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு அப்படித்தான் பிறந்தது.

சரி, பூச்சிக்கே வருகிறேன். என் பட்டியலில் முதலிடம் ஒரு பூச்சிக்குத்தான். அதைப் பூச்சி என்று சொல்வதும் முழுக்கச் சரியில்லை. பூச்சி விட்டுப்போன கூடு அது. ஷெடின்ஜா.

சில்வண்டை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அதன் கூட்டைப் பார்த்திருக்கிறீர்களா? சில்வண்டின் குஞ்சு பல வருடம் மண்ணுக்குள் இருட்டில் கிடந்து, மர வேர்களின் சாற்றைக் குடித்து வளரும். ஒரு நாள் மேலே ஏறி வந்து மரப்பட்டையைப் பற்றிக்கொள்ளும். முதுகு பிளக்கும். உள்ளிருந்து சிறகோடு ஒன்று வெளியே வந்து பறந்துவிடும். கூடு மட்டும் பழுப்பாக, கண், கால், நகம் எல்லாம் அப்படியே இருக்க, பட்டையைப் பிடித்தபடி நிற்கும். உள்ளே ஒன்றுமில்லை. கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் பொடிந்துவிடும். ஜப்பானில் கோடையில் இந்தக் கூடுகளைச் சேகரிப்பது பிள்ளைகளுக்குப் பழைய விளையாட்டு.

இதை 2002-இல் வந்த ரூபி, சஃபயர் விளையாட்டுகளில் எப்படிக் கொண்டுவந்தார்கள் என்று கேளுங்கள். நின்காடா என்று ஒரு போக்கிமான். மண்ணுக்குள் வாழும், வேரின் சத்தை உறிஞ்சும். இருபதாவது லெவலில் அது நின்ஜாஸ்காக மாறும். நின்ஜாஸ்க் சிறகு முளைத்த, கண்ணில் நிற்காத வேகம் கொண்ட பூச்சி. எல்லோரும் அதைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு மேலே போய்விடுவார்கள். ஆனால் உங்கள் அணியில் மொத்தம் ஆறு இடம். அதில் ஓர் இடம் காலியாக இருந்தால், யாரும் கேட்காமலே அங்கே இன்னொன்று வந்து உட்கார்ந்திருக்கும். அந்தக் கூடு. அதுதான் ஷெடின்ஜா. திரையில் ஓர் அறிவிப்பும் வராது. நீங்களாக அணியைத் திறந்து பார்க்கும்போதுதான் தெரியும். பறந்துபோன பூச்சியைப் பார்த்துக்கொண்டே நின்றவர், திரும்பி மரத்தைப் பார்க்கும்போது கூடு கண்ணில் படுமே, அதே மாதிரி.

அதற்கு எவ்வளவு உயிர் தெரியுமா? ஒரே ஒரு புள்ளி. மற்றவை வளர வளர உயிர்ப் புள்ளிகள் நூற்றுக்கணக்கில் ஏறும். ஷெடின்ஜாவை நூறாவது லெவல் வரை வளர்த்தாலும் ஒன்றுதான். வெறும் கூட்டுக்கு வேறு எப்படி இருக்கும்! ஆனால் அதற்கு வொண்டர் கார்ட் என்று ஒரு தனித் திறன் உண்டு. அதன் பலவீனத்துக்கு நேரான தாக்குதல்கள் மட்டும்தான் அதைத் தொட முடியும். நெருப்பு, பாறை, பறக்கும் வகை, ஆவி, இருள். இந்த ஐந்து வகைகளைத் தவிர வேறு எந்த நேரடித் தாக்குதலும் உள்ளே இறங்காது. யோசித்துப் பாருங்கள். காய்ந்த கூட்டை நெருப்பு எரிக்கும், கல் நசுக்கும், பறவை கொத்தும். விதி எவ்வளவு அழகாக அதன் உடம்போடு பொருந்துகிறது!

என் அக்கா மகன் ஒருமுறை என்னோடு மோதினான். அவனிடம் மியூடூ இருந்தது. முதலில் வந்த அந்த 151-இல் அதைவிடப் பலமான ஒன்று கிடையாது. அந்த மியூடூ மேல் அவனுக்கு அப்படியொரு பெருமை. நான் ஷெடின்ஜாவை இறக்கினேன். ஒரு புள்ளி உயிரைப் பார்த்ததும் அவன் சிரித்தான். மனோசக்தியால் அடித்தான், ஒன்றும் ஆகவில்லை. பனியை வீசினான், ஒன்றும் ஆகவில்லை. மின்னலை இறக்கினான், அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பக்கம் மலையைப் பெயர்க்கும் பலம், இந்தப் பக்கம் அசையாமல் மிதக்கும் ஒரு காலிக் கூடு. ஷெடின்ஜா பொறுமையாகத் தாக்கிக்கொண்டே இருந்தது. "இது கள்ளாட்டம் சித்தி" என்றான். இல்லடா, யோசி என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் மியூடூவைத் திருப்பி அழைத்துக்கொண்டு, தன் அணியின் மூலையில் கிடந்த பிட்ஜியை இறக்கினான். பிட்ஜி என்பது விளையாட்டின் முதல் புல்வெளியிலேயே கிடைக்கிற ஒரு குட்டிப் பறவை. அது சிறகால் ஒரு காற்று வீசியது. ஷெடின்ஜா விழுந்துவிட்டது.

அன்று அந்தப் பையன் முகத்தில் வந்த சந்தோஷத்தை வானொலியில் காட்ட முடியாது. எனக்கு அவனைவிட அதிக சந்தோஷம். பெரிய பலம் தோற்ற இடத்தில் ஒரு சின்னப் பறவை ஜெயித்தது, ஏனென்றால் பறவை பூச்சியைக் கொத்தும். பழக்கம் தெரிந்தவனுக்கு வண்டு கிடைக்கும் என்று சொன்னேனே, அதே கதைதான் இங்கேயும்.

ஷெடின்ஜாவை விடுவதற்கு முன் இன்னும் ஒன்று. அதன் முதுகுப் பிளவுக்குள் எட்டிப் பார்க்கிறவரின் ஆன்மாவை அது பறித்துவிடும் என்று நம்பப்படுவதாக, விளையாட்டுக்குள் இருக்கிற உயிரினக் குறிப்பேடு எச்சரிக்கிறது. இந்த விளையாட்டில் நம் போக்கிமானை நாம் எந்தப் பக்கமிருந்து பார்ப்போம்? பின்னாலிருந்து. எதிரியின் முகம் தெரியும், நம்முடையதன் முதுகு தெரியும். ஆக, ஷெடின்ஜாவை இறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பிளவு நம் கண்ணுக்கு நேராகத்தான் இருக்கும். படம் வரைந்தவர்கள் இதை யோசித்துத்தான் செய்திருப்பார்கள் என்று நான் நம்புகிறேன்.

நிறைய நேரம் இதிலேயே போய்விட்டது. அடுத்தது ஷக்கிள். 1999-இல் வந்த கோல்டு, சில்வர் விளையாட்டுகளில் அறிமுகமானது. சிவப்பு ஓடு, அதில் துளைகள், துளைகள் வழியே நீட்டிக்கொண்டிருக்கும் மஞ்சள் கைகால்கள். பாறைக்கு அடியில் ஒளிந்து வாழும். அதன் அடிப்படை எண்களைச் சொல்கிறேன்: தற்காப்பு 230, சிறப்புத் தற்காப்பும் 230. பல போக்கிமான்களுக்கு இந்த எண்கள் நூறைத் தொட்டாலே பெரிய விஷயம். தாக்குதல் பத்து. வேகம் ஐந்து. ஓட்டுக்குள் ஒடுங்கிக்கொள்வதைத் தவிர வேறு எண்ணமே இல்லாத உயிர் என்று இந்த நான்கு எண்களிலேயே தெரிந்துவிடுகிறது. அது பழங்களை ஓட்டுக்குள் சேர்த்து வைக்கும். அவை உள்ளேயே கரைந்து சாறாகிவிடும். அந்த விளையாட்டில் ஷக்கிளிடம் ஒரு பெர்ரிப் பழத்தைக் கொடுத்து வைத்தால், சில சண்டைகளுக்குப் பிறகு அது உண்மையிலேயே பழச்சாறாக மாறியிருக்கும்.

சியான்வுட் என்ற ஊரில் ஒருவர், தன் ஷக்கிளை யாராவது திருடிவிடுவார்களோ என்று பயந்து, கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளும்படி நம்மிடம் கொடுப்பார். பிறகு திருப்பிக் கொண்டுபோனால், அது நம்மோடு எவ்வளவு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பார். நன்றாக ஒட்டியிருந்தால், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவார். இந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். பிடித்தும் வாங்கியும் சேர்க்கிற விளையாட்டில், நம்மோடு இருக்க அதற்குப் பிடித்திருப்பதால் ஓர் உயிர் நம்முடையதாகிறது.

மூன்றாவது ஃபீபாஸ். பழுப்பு நிற மீன், கிழிந்த துடுப்புகள், அழகில்லாதது என்று விளையாட்டே சொல்கிறது. ரூபி, சஃபயரில் 119-ஆம் பாதையில் ஓடும் நீண்ட ஆற்றில், தூண்டில் போடக்கூடிய இடங்கள் நானூறுக்கும் மேல். அவற்றில் ஆறே ஆறு இடங்களில்தான் ஃபீபாஸ் கிடைக்கும். அந்த ஆறு இடங்களும் நிலையாக இருக்காது. டியூஃபோர்டு என்ற ஊரில் பிள்ளைகளிடையே அப்போது எந்தச் சொற்றொடர் நாகரிகமாகப் பரவியிருக்கிறதோ, அது மாறினால் மீன் இருக்கும் இடமும் மாறும். கட்டம் கட்டமாகத் தூண்டில் போட்டுப் போட்டு ஆற்றின் ஒவ்வொரு வளைவும் மனப்பாடமாகிவிடும். மீன் பிடிப்பதில் இருக்கிற காத்திருப்பை இவ்வளவு உண்மையாக வேறு எந்த விளையாட்டிலும் நான் அனுபவித்ததில்லை.

பிடித்த பிறகும் வேலை முடியாது. பெர்ரிப் பழங்களை அரைத்துச் செய்த தீனியை ஊட்டி அதன் அழகை வளர்க்க வேண்டும். தரம் குறைந்த தீனியைக் கொடுத்து அதன் வயிறு நிறைந்துவிட்டால், பிறகு எதையும் தின்னாது. அளவு பார்த்து, கவனித்து ஊட்டினால்தான் அது மிலோடிக்காக மாறும். மிலோடிக் எல்லாப் போக்கிமான்களிலும் அழகானது என்று சொல்வார்கள். எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனாலும் நான் அதிகம் நினைத்துப் பார்ப்பது அந்த ஆற்றைத்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு நிமிடம் என்று விரல் காட்டுகிறார்கள். கடைசியாகப் பச்சிரிசுவை மட்டும் சொல்லிவிடுகிறேன். மின்சார அணில். பார்க்க அழகு, சண்டைக்கு உதவாது என்றுதான் பலரும் நினைத்தார்கள். 2014-இல் வாஷிங்டனில் நடந்த உலகப் போட்டியில் தென்கொரியாவின் செஜுன் பார்க் அதைத் தன் அணியில் வைத்திருந்தார். அது இரட்டையர் ஆட்டம். ஒவ்வொரு பக்கமும் இரண்டு நிற்கும். அவரிடம் இருந்த கியாரடோஸ் என்ற இன்னொரு போக்கிமானுக்கு மின்சாரம் என்றால் நாலு மடங்கு ஆபத்து. பச்சிரிசு எதிரிகளின் தாக்குதலைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். வருகிற மின்சாரம் அதன் உயிரைக் கூட்டும். பெரிய அடிகளைத் தாங்கிக்கொண்டு, பக்கத்தில் நின்ற துணையைக் காப்பாற்றிக் கொடுத்தது. அவர் உலக வெற்றியாளரானார். அந்த ஆட்டத்தின் பதிவு இணையத்தில் இருக்கிறது, தேடிப் பாருங்கள். அந்த அணில் ஒவ்வொரு அடியையும் தாங்கி நிற்கும்போது கூட்டம் எழுப்பும் சத்தத்தைக் கட்டாயம் கேளுங்கள். தாயின் மண்டையோட்டை அணிந்த க்யூபோனைப் பற்றியும் பேச வைத்திருந்தேன், நேரம் விடவில்லை. வாய்ப்புக் கொடுத்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.