உரைகல் எது: ஆவணமா, எடுத்துரைப்பா?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

வாழ்க்கை வரலாற்று நூலை உரசிப் பார்க்கும் கல் ஆவணமா, எடுத்துரைப்பா, அதாவது சொல்லும் விதமா என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் தம் வாதத்தை மூன்று சொல்லில் வைத்தார்: தேதி, கடிதம், சாட்சி. இம்மூன்றும் சரியென்றால் நூலும் சரி, சொன்ன விதம் வெறும் அலங்காரம் என்றார். தேதி தவறிய நூலுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. தேதிகள் அத்தனையும் சரியாக இருந்தால் அதற்குப் பிறகு எதை வைத்து மதிப்பிடுவீர்கள் என்பதே என் கேள்வி.

உ.வே.சா. தம் தமிழாசிரியரைப் பற்றி எழுதிய மீனாட்சிசுந்தரம் பிள்ளை சரித்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையவர்கள் வாழ்ந்தது 1815 முதல் 1876 வரை. உ.வே.சா. மாயூரத்தில் அவரிடம் மாணவராகச் சேர்ந்தது 1871இல். நூலின் முதல் பாகம் அதற்கு முந்தைய 55 ஆண்டுகளைச் சொல்கிறது. இரண்டாம் பாகத்துக்கு எஞ்சியிருந்தது ஐந்து ஆண்டு மட்டுமே. ஆவணம் பார்ப்பவர் இதில் பிழை காண மாட்டார், பிழையும் இல்லை. ஆனால் முதல் பாகத்தில் பேசுபவர் கேட்டுத் தெரிந்துகொண்டவர். இரண்டாம் பாகத்தில் பேசுபவர் கூடவே இருந்தவர். அட்டையில் ஒரே பெயர், உள்ளே இரண்டு எடுத்துரைப்பாளர்கள். இரண்டு பாகத்தையும் ஒரே எடையில் மேற்கோள் காட்டும் கட்டுரைகள் தடுமாறுவது இங்கேதான்.

இனி ஆங்கிலத்தின் புகழ்பெற்ற வாழ்க்கை வரலாறு: எழுத்தாளர் சாமுவேல் ஜான்சனைப் பற்றி ஜேம்ஸ் பாஸ்வெல் எழுதிய நூல். 1763 மே 16 அன்று லண்டனில் டேவிஸ் என்பவரின் புத்தகக் கடையில் இருவரும் முதன்முதலாகச் சந்தித்தார்கள். பாஸ்வெல் அதை நாட்குறிப்பில் எழுதிவைத்தார். 28 ஆண்டு கழித்து நூல் வெளிவந்ததும் அதே மே 16இல்தான். அந்த நாட்குறிப்பு பிறகு ஸ்காட்லாந்தில் ஒரு மாளிகையில் கிடைத்து 1950இல் அச்சேறியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நாட்குறிப்பில் ஜான்சன் ஏழு மணியளவில் உள்ளே வருகிறார், அவ்வளவுதான். நூலிலோ, முன்னாள் நடிகரான டேவிஸ், ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ஹாம்லெட்டுக்குத் தந்தையின் ஆவியைச் சுட்டிக்காட்டும் ஹொரேஷியோவைப் போல, ஜான்சன் வருவதை அறிவிக்கிறார். நாட்குறிப்பில் முதல் நாளே அஞ்சத்தக்க தோற்றம், கண்நோய், ஒழுங்கற்ற உடை, கரடுமுரடான குரல் எல்லாம் வந்துவிடுகின்றன. நூலில் உடையின் அலங்கோலம் சில நாள் தள்ளி, ஜான்சனின் அறைக்குப் போகும் இடத்துக்கு நகர்கிறது; அவர் பேசத் தொடங்கியதும் அதெல்லாம் மறந்துபோயிற்று என்று உடனே சேர்க்கப்படுகிறது. வாசகர் முதலில் பார்ப்பது மேதையை, அழுக்கு உடையை அப்புறம்தான்.

நாட்குறிப்பும் ஆவணம்தானே என்று எதிரணி கேட்கும். ஆவணம்தான். ஆனால் அது வேறுபாடு இருக்கிறது என்று மட்டும் சொல்லும். வரிசை மாறியதால் வாசகர் மனத்தில் என்ன மாறியது என்று சொல்வது, சொல்லும் விதத்தை ஆராயும் எடுத்துரைப்பியல். பிரெஞ்சு இலக்கியக் கோட்பாட்டாளர் ஜெரார் ழெனெத் 1972இல் வரிசை, கால அளவு, எத்தனை முறை சொல்லப்படுகிறது என்று பிரித்துக் காட்டியது நாவலை வைத்து. வாழ்க்கை வரலாற்றுக்கு அது இன்னும் கூர்மையாகப் பொருந்தும் என்பேன்.

எப்படிச் செய்வது? ஒரு தாளில் இடப்பக்கம் ஆண்டுகள், வலப்பக்கம் பக்க எண்ணிக்கை எழுதுங்கள். எங்கே வேகம் கூடுகிறது, எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். பிறகு மேற்கோள் குறிக்குள் உரையாடல் வரும் ஒவ்வொரு காட்சியிலும், எழுதியவர் அந்த இடத்தில் இருந்தாரா என்று குறியுங்கள். இல்லையென்றால் சொன்னவர் யார்? அடுத்து, 'நினைத்தார்', 'மனம் கலங்கினார்' போன்ற வினைகளுக்கு அடிக்கோடு போடுங்கள். பிறர் மனத்துக்குள் நுழைய நாவலாசிரியருக்கு உரிமை உண்டு. வரலாற்றாசிரியருக்கு ஒரு கடிதமாவது கையில் வேண்டும். இந்த வேலையில் அதிகம் நேரும் தவறு, பக்கம் குறைந்த இடத்தையெல்லாம் ஒருதலைச் சார்பு என்று முத்திரை குத்துவது. செய்தி கிடைக்காமலும் பக்கம் குறையும். ஆசிரியர் தேடிய தடம் முன்னுரையிலோ உள்ளேயோ இருக்கிறதா என்று பார்த்த பிறகே பேச வேண்டும்.

இப்படி ஆராய்ந்தால் வாழ்ந்த மனிதர் கதாபாத்திரம் ஆகிவிடுவார் என்றார் எதிரணியின் இரண்டாம் பேச்சாளர். அவருடைய கவலையை நான் மதிக்கிறேன், அது நேர்மையான கவலை. பிள்ளையவர்களின் கடைசி இரவை வைத்தே பதில் சொல்கிறேன். 1876 பிப்ரவரி 1 என்ற தேதியை ஆவணம் தரும். இன்னொரு மாணவரான சவேரிநாத பிள்ளை தாங்கிக்கொண்டிருக்க, மாணவர் சாமிநாதன், அதாவது உ.வே.சா., திருவாசகத்தின் அடைக்கலப் பத்தைப் படித்தார் என்பதை நமக்குச் சொன்னவர் அந்தச் சாமிநாதனே. அதை அவர் நூலாக்கியது அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து. ஆசிரியரின் சரித்திரத்தில் ஒரு முறையும், தம் சொந்தச் சரித்திரத்தில் மறுமுறையும் சொல்கிறார். முன்னதில் நடுவில் இருப்பவர் குரு. பின்னதில் அவரை இழந்து நிற்கும் மாணவர். இந்த இரண்டு பக்கங்களை உரசிப் பார்க்க எந்தக் கல்லை எடுப்பது என்று நடுவர் அவர்களே சொல்லட்டும்.