அப்பத்தாவின் ஆரத்தித் தட்டு

வணக்கம் வானொலி நேயர்களே. நம் உடம்பின் செல்லுக்குள் உலோகத்தைத் தேடி, கண்டதும் ஒளியால் காட்டிக்கொடுக்கிற உணரிகளைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் ஆரத்தித் தட்டிலிருந்து தொடங்குகிறேன்.

காரைக்குடியில் எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு ஆரத்தி கரைப்பது அப்பத்தாதான். தாம்பாளத்தில் தண்ணீர், ஒரு கரண்டி மஞ்சள்தூள். வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, சுண்டுவிரல் நுனியில் துளி சுண்ணாம்பை வழித்து அதில் விட்டு ஒரு கலக்கு. தட்டு முழுக்கச் சிவந்துபோகும். "சுண்ணாம்பைக் கண்டா மஞ்சளுக்கு வெக்கம்டா" என்பார்.

வேதியியல் படிக்கப்போன திமிரில், ஒரு கல்யாணத்தில் சுண்ணாம்புக்குப் பதில் சலவைச் சோடாவைப் போட்டேன். அதற்கும் சிவந்தது. "அப்பத்தா, மஞ்சள் சுண்ணாம்பைப் பார்க்கலை, காரத்தைப் பார்க்குது" என்றேன். நம்ம ஊர் மிளகாய்க் காரம் இல்லை நேயர்களே, வேதியியல் காரம்! "ரெண்டும் செவப்புத்தானே? தட்டை எடு, மாப்பிள்ளை வாசல்ல நிக்கிறாரு" என்று முடித்துவிட்டார்.

வாசலுக்கு அது போதும். செல்லுக்குள் போதாது. சுண்ணாம்புச் சத்து என்கிறோமே, அந்தக் கால்சியம், சும்மா இருக்கிற செல்லுக்குள் ரத்தத்தில் உள்ளதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு. இதயம் துடிக்க, நரம்பு சேதி சொல்ல, அது சட்டென்று ஏறி இறங்கும். பக்கத்திலேயே மக்னீசியம் ஆயிரக்கணக்கான மடங்கு அதிகமாகக் கிடக்கிறது. உணரி அதை ஏறெடுத்தும் பார்க்கக் கூடாது. இதைத்தான் மறுபடி மறுபடி சொல்வேன்: சிவந்தால் போதாது, எதைக் கண்டு சிவந்தது என்று தெரியவேண்டும்.

கள்ள நோட்டுப் பார்க்கும் புற ஊதா விளக்கடியில் ரூபாய்த் தாளின் இழைகள் மின்னுமே, அதுதான் ஒளிர்தல். 1985-இல் அமெரிக்க வேதியியலாளர் ரோஜர் சியென் குழு ஃபுரா-2 என்ற சாயத்தை வெளியிட்டது. 340, 380 நானோமீட்டர் என்று இரண்டு புற ஊதா ஒளியை மாற்றி மாற்றி அதன்மேல் அடிப்பார்கள். கால்சியத்தைப் பிடித்தால் முதலாவதில் பிரகாசம் கூடும், இரண்டாவதில் குறையும். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் கணக்கு வந்துவிடும். சாயம் ஓரிடத்தில் கூடுதலாக இருந்தாலும் ஏமாறமாட்டோம். அப்பத்தா மஞ்சளைக் கைநிறைய அள்ளிப் போட்டாலும் விடை மாறாது!

1997-இல் அதே சியென் ஆய்வுக்கூடத்தில் ஒளிரும் ஜெல்லி மீன் புரதத்தின் இரு நிற வகைகளையும் கால்சியத்தைப் பிடிக்கும் கால்மோடுலின் என்ற புரதத்தையும் ஒன்றாகக் கோத்தார்கள். மரபணுவைக் கொடுத்தால் போதும், உணரியைச் செல்லே சமைத்துக்கொள்ளும். சியெனுக்கு 2008-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கையை ஆட்டுகிறார். துத்தநாகத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். எலியின் கருமுட்டை கருவுறும் கணத்தில், கோடி கோடியாய்த் துத்தநாக அயனிகள் வெளியே வீசப்படுகின்றன. சுற்றியுள்ள உணரிச் சாயம் பளிச்சென்று மின்னும். 2011-இல்தான் இதைக் கண்டார்கள். செம்புக்குப் பித்தளைப் பானையும் புளியுமாக ஒரு கதை வைத்திருந்தேன்... சரி தம்பி, சரி. வணக்கம்.