சீமாட்டியாக நுழைந்தவர்

பேசத் தொடங்கும் முன் இந்த மைக்கை இரண்டு தட்டு தட்டிப் பார்த்தேன், கவனித்திருப்பீர்கள். இன்று நான் சொல்லப்போகிற பாடகி லியோன்டைன் பிரைஸுக்கு அந்த வசதி இல்லை. கதை முழுவதையும் பாட்டாகவே நடிக்கும் மேற்கத்திய இசை நாடகம்தான் ஆபரா. அந்த அரங்கில் மைக் வைப்பதில்லை. மேடைக்கு முன்னால் பள்ளத்தில் ஒரு பெரிய வாத்தியக் குழு முழங்கும். அதைத் தாண்டி, 3,000 பேருக்கு மேல் உட்கார்ந்திருக்கும் அரங்கின் கடைசி வரிசைவரை வெறும் தொண்டை போய்ச் சேர வேண்டும். பெண் குரல்களில் உச்சத்தில் பாடுபவரைச் சொப்ரானோ என்பார்கள். இவர் அப்படி ஒரு சொப்ரானோ.

பிரைஸ் 1927இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், லாரல் என்ற ஊரில் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பாவுக்கு மரம் அறுக்கும் ஆலையில் வேலை, அம்மா மருத்துவச்சி. கறுப்பர்களுக்குத் தனிப் பள்ளி, தனி இருக்கை என்றிருந்த காலம். 1955இல் தொலைக்காட்சியில் 'டோஸ்கா' ஆபராவின் நாயகியாகப் பாடினார். தென் மாநில நிலையங்கள் சில அதை ஒளிபரப்பவே மறுத்துவிட்டன.

அப்புறம் 1957, சான் பிரான்சிஸ்கோ. 'ஐடா' பாட வேண்டிய பாடகிக்குத் திடீரென்று குடல்வால் அறுவை சிகிச்சை. அந்த இடத்தில் பிரைஸ் ஏறினார். ஐடா எகிப்தில் சிறைப்பட்டு அடிமையாக இருக்கும் எத்தியோப்பிய இளவரசி. குரலுக்கு அப்படிப் பொருந்திய வேடம்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆபராவிலிருந்தும் அதே வேடத்துக்குத்தான் அழைப்பு வந்தது. மெட் என்றால் அந்த நாட்டுப் பாடகர்களுக்குக் கோயில் மாதிரி. ஆனால் டோஸ்காவில் அவரைப் பாட வைத்த பீட்டர் ஹெர்மன் ஆட்லர் குறுக்கே நின்றார். அங்கே அடிமையாகப் போகக் கூடாது, சீமாட்டியாகத்தான் நுழைய வேண்டும் என்பது அவர் யோசனை. பிரைஸ் மெட்டின் அழைப்பை மறுத்துவிட்டார். எனக்கென்றால் கை நடுங்கியிருக்கும்! வியன்னாவிலும் மிலானிலும் அதே ஐடாவைத் தயங்காமல் பாடினார் என்பதையும் சொல்ல வேண்டும். மெட்டின் வாசலுக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு.

சரி, காத்திருந்தது வீண்போனதா? 1961 ஜனவரி 27 அன்று மெட்டில் 'இல் திரோவத்தோரே' என்ற ஆபரா. அரசவைச் சீமாட்டி லியோனோராவாக வந்தார். முடிந்ததும் கைதட்டல் 42 நிமிடம் நீடித்தது என்பார்கள். வீட்டுக்குப் போய்க் கடிகாரம் வைத்து ஐந்து நிமிடம் தட்டிப் பாருங்கள், உள்ளங்கை சொல்லும். அதே இரவில் அங்கே அறிமுகமான பிராங்கோ கொரெல்லியும் சாமானியப் பாடகர் இல்லை. பாவம், பேச்செல்லாம் பிரைஸைப் பற்றித்தான்.

1966இல் மெட்டின் புதிய கட்டடத்தைத் திறந்து வைத்த ஆபராவில் அவர்தான் கிளியோபாட்ரா. ஒத்திகையில் மேடை இயந்திரம் பழுதாகி, பொம்மைப் பிரமிடுக்குள் மாட்டிக்கொண்ட கூத்தும் நடந்தது.

ஆபரா மேடையிலிருந்து விடைபெற அவர் தேர்ந்தெடுத்தது எது தெரியுமா? ஐடா. 1985 ஜனவரி 3, அதே மெட். வயது 57. மூன்றாம் அங்கத்தில், இனி தாய்நாட்டைப் பார்க்கவே மாட்டேன் என்று ஐடா பாடும் பாட்டு. பாடி முடித்தார். நிமிடக்கணக்கில் கைதட்டல் ஓயவில்லை. குனிந்து வணங்கவில்லை, ஒரு அடி நகரவில்லை. கண் கலங்க, ஐடாவாகவே நின்றுகொண்டிருந்தார்.