மாஜிஸ்திரேட்டுக்காகக் கட்டிய மதுக்கூடம்

அன்பர்களே, வணக்கம். வாசலில் இன்றைய தலைப்பைப் படித்துவிட்டுச் சிலர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்ததைக் கவனித்தேன். நூலகத்தில் மதுக்கடையைப் பற்றி என்ன பேச்சு என்று தோன்றியிருக்கும். நான் பேசப் போவது கட்டடத்தைப் பற்றி. யாருக்கும் ஊற்றித் தரப் போவதில்லை.

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் ஹோப் தெருவும் ஹார்ட்மன் தெருவும் கூடும் முனையில் 'ஃபில்ஹார்மோனிக் டைனிங் ரூம்ஸ்' என்றொரு பப் இருக்கிறது. எதிரே இருக்கும் இசையரங்கத்தின் பெயரைத்தான் இதற்கும் வைத்தார்கள். ஊர்க்காரர்கள் 'ஃபில்' என்று சுருக்கிவிட்டார்கள். 1900ஆம் ஆண்டை ஒட்டிக் கட்டியது. பணம் போட்டவர் ராபர்ட் கெய்ன். அயர்லாந்தில் பிறந்து, லிவர்பூலில் பீர் காய்ச்சி, 200க்கும் மேற்பட்ட கடைகளுக்கு முதலாளியானவர். வரைபடம் போட்டவர் வால்டர் தாமஸ்.

வாசலிலேயே நின்றுவிடுவோம். இரும்பும் செம்பும் கொடிகளாகச் சுழலும் கதவு. அதில் கெய்னின் சின்னமும், 'பாசெம் அமோ' என்ற லத்தீன் வாசகமும். அமைதியை விரும்புகிறேன் என்று பொருள். சரி என்று உள்ளே போனால், வண்ணக் கண்ணாடியில் ராபர்ட்ஸ் பிரபுவும் பேடன் பவலும் நிற்கிறார்கள். இருவரும் அப்போது தென்னாப்பிரிக்காவில், டச்சு வம்சாவளியினரான போயர்களோடு பிரிட்டன் நடத்திய போரில் இருந்த தளபதிகள். கதவில் அமைதி, கண்ணாடியில் போர்! கெய்னுக்கு இதில் உறுத்தல் எதுவும் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். குடிக்க வந்தவர் அன்றைய பேப்பரில் படித்த பெயர்கள் அவை. வியாபாரிக்கு அது போதும்.

வளைந்து போகும் கவுன்ட்டரின் முகப்பிலும் தரையிலும் மொசைக். சுவரில் புளூம்ஃபீல்ட் பேர் என்ற கலைஞர் செய்த செப்புத் தகடுகள். பின்பக்கத்திலிருந்து சுத்தியலால் தட்டித் தட்டி, முன்பக்கம் உருவம் புடைத்து வரும்படி செய்தவை. பில்லியர்ட்ஸ் ஆடிய பெரிய கூடத்தில் சார்லஸ் ஆலன் செய்த சுதைச் சிற்பங்கள். கைவேலைக்கு ஆள் வந்தது பல்கலைக் கல்லூரியின் கலைப் பள்ளியிலிருந்து. ஆண்கள் கழிப்பறையில்கூட ரோஜா நிறச் சலவைக்கல். பெண்கள் அனுமதி கேட்டு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரும் கழிப்பறை வேறெங்கே இருக்கிறது, சொல்லுங்கள்?

ஒரு பீர்க்காரர் இத்தனை செலவை எதற்காகச் செய்தார்? ரசனை என்பது பாதி பதில்தான். மீதியைச் சட்டத்தில் தேட வேண்டும். 1830இல் வந்த சட்டப்படி, வரி கட்டும் யாரும் இரண்டு கினி, அதாவது இரண்டு பவுனுக்குச் சற்று மேல், கொடுத்தால் பீர் விற்கலாம். சந்துக்குச் சந்து கடை முளைத்தது. 1869இல் அந்தக் கதவை மூடி, உரிமத்தை மாஜிஸ்திரேட்டுகள் கையில் கொடுத்தார்கள். மதுவிலக்கு இயக்கமும் வலுத்திருந்த காலம். புது உரிமம் குதிரைக் கொம்பானது. இருக்கும் கடையையும் எப்போது மூடச் சொல்வார்களோ என்ற பயம். அதனால் காய்ச்சுகிறவர்கள் போட்டி போட்டுக் கடைகளை வாங்கினார்கள். 'இது குடிகாரர் கூடாரம் இல்லை, கண்ணியமான இடம்' என்று காட்டுவதற்கு மொசைக்கும் சலவைக்கல்லும் தேவைப்பட்டன. என்னைக் கேட்டால், இந்த அலங்காரத்தில் பாதி குடிக்க வந்தவருக்காகச் செய்ததே இல்லை. மாஜிஸ்திரேட்டின் கண்ணுக்காகச் செய்தது.

இன்னொரு காரணம், வர்க்கம். ஒரே பப்புக்குள் பல அறைகள் இருக்கும். கூலித் தொழிலாளிக்கு மரப் பெஞ்சு, கனவானுக்கு மெத்தை நாற்காலி. அதே பீர்தான், மெத்தை அறையில் விலை கொஞ்சம் கூட. நடுவில் நிற்கும் பணியாள் ஒரே கவுன்ட்டரிலிருந்து எல்லா அறைக்கும் ஊற்றிக் கொடுப்பார். லண்டனில் 'தி லாம்ப்' என்ற பப்பில் கவுன்ட்டர் மேல், முகம் வரும் உயரத்தில், சுழலும் சிறு கண்ணாடிப் பலகைகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றை மூடிக்கொண்டால் ஊற்றுகிறவருக்குக் குடிக்கிறவர் முகம் தெரியாது. கையை மட்டும் நீட்டிக் கோப்பையை வாங்கிக்கொள்ளலாம். பணக்காரரின் வெட்கத்துக்குத் தச்சர் செய்த ஏற்பாடு!

இருபதாம் நூற்றாண்டில் இந்தத் தடுப்புகளை ஊர் ஊராக இடித்தார்கள். ஒரே கூடமாக இருந்தால் ஒரு ஆளே கண்காணித்துவிடலாம், சம்பளம் மிச்சம். வர்க்கச் சுவர் போனதற்கு அழுவதா என்று கேட்டால் நியாயமான கேள்விதான். ஆனால் சுவரோடு செதுக்கிய மரமும், பொறித்த கண்ணாடியும் குப்பைக்குப் போயின. அப்புறம்தான் விழித்துக்கொண்டார்கள். 1971இல் தொடங்கிய பீர் பிரியர்களின் இயக்கமான காம்ரா, உட்புறம் மாறாத பப்புகளைத் தேடிப் பட்டியல் போட்டது. பல்லாயிரம் பப்புகளில் தேறியவை சில நூறுதான்.

ஃபில் அவற்றில் ஒன்று. 2020 பிப்ரவரியில் அதற்கு முதல் நிலைப் பாதுகாப்பு கிடைத்தது. தேவாலயத்துக்கும் அரண்மனைக்கும் தருகிற அதே தகுதி. அடுத்த மாதமே கொரோனாவால் நாடு முழுக்கப் பப்புகளை மூடிவிட்டார்கள் என்பது வேறு கதை.

உங்களில் யாராவது பிள்ளைகளைப் பார்க்க அந்தப் பக்கம் போனால், கூட்டம் சேராத மத்தியான வேளையில் போங்கள். குடிக்காதவர்கள் ஒரு ஆரஞ்சு ஜூஸ் வாங்கிக்கொண்டு உட்காரலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.